வெட்டி எடுத்த சிரிப்பு

"அக்கா இல்லம்மா, ஆண்டே. ஆண்டேன்னு பாடணும்."

வரப்பில் நின்றுகொண்டு நான்தான் இப்படிச் சொன்னேன். வயலில் பன்னிரண்டு பதின்மூன்று பெண்கள் சேற்றில் வரிசையாக நின்றார்கள். குறுவை நடவு. காலை எட்டு மணி வெயிலே முதுகைப் பொசுக்கியது. ஒரு கயிற்றுக் கட்டிலின் மேல் ஒலிப்பதிவுப் பெட்டியை வைத்து, எங்கள் ஒலிப்பதிவாளர் சேவியர் அதற்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தார். அவர் தலையில் வெயில், பெட்டிக்கு நிழல்.

வரிசையின் முதல் ஆள் நிமிர்ந்தாள். பெயர் காத்தாயி. முப்பத்தைந்து வயதிருக்கும். நடவில் முதல் ஆள்தான் பாட்டை எடுத்துக் கொடுக்க வேண்டும். மற்றவர்கள் அதை வாங்கிப் பாடுவார்கள். பாட்டு போகிற வேகத்தில்தான் கையும் போகும். குரல் மட்டும் இருந்தால் அந்த இடம் கிடைத்துவிடாது. கூட நிற்கிறவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும்.

"அது பழசு சார். அந்தச் சொல்ல நாங்க விட்டுட்டோம்" என்றாள்.

"பழசுதாம்மா எனக்கு வேணும்."

"உங்களுக்கு வேணும் சார். எங்களுக்கு வேணாமே."

சொல்லிவிட்டு மறுபடி குனிந்து நாற்றைப் பிரித்தாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. வானொலி நிலையத்திலிருந்து விடியற்காலையில் ஜீப்பில் கிளம்பி, பாதி வழியில் டயர் பஞ்சராகி, பெட்டியைத் தலையில் சுமந்து வந்தவன் நான். இந்த அம்மாள் எனக்கு எது வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிறாளா என்று தோன்றியது.

ஆண்டே என்பது பண்ணையில் வேலை செய்தவர்கள் மிராசுதாரரைக் கூப்பிட்ட சொல். என்னை ஆள்கிறவரே என்று அர்த்தம். கூலி கேட்டு நடந்த தகராறுக்குப் பிறகு, காத்தாயியின் தெருவில் விவசாயத் தொழிலாளர் சங்கம் கூடி, இனி எந்த மனிதரையும் அப்படிக் கூப்பிடுவதில்லை என்று முடிவெடுத்திருந்தது. ஐயா என்றால் போதும். மீறி அந்தச் சொல்லைச் சொன்னவரோடு தெருவில் யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். பாட்டிலும் அது வந்த இடமெல்லாம் அக்கா ஆகியிருந்தது.

*நாத்துமுடி சுமந்த கையி நோவுதே அக்கா*
*நடுவெயிலு ஏறி வந்து வேவுதே அக்கா*

எனக்கு அந்த அக்கா பிடிக்கவில்லை. யாரோ நேற்று ஒட்டுப் போட்டது போல இருந்தது.

என் காது பழகிய இடம்

எங்கள் வீட்டில் அப்பா என்றால் அத்தா. அவருக்குப் பாபநாசத்தில் ஜவுளிக்கடை. எங்களுக்கு ஒரு குழி நிலம் கிடையாது. அதனால் நிலத் தகராறு எதிலும் நான் யார் பக்கமும் இல்லை என்று மனதார நம்பினேன். நடுவில் நிற்கிற ஆள் என்று என்னைப் பற்றி எனக்கு ஒரு பெருமை.

கல்லூரியில் என் அறைத் தோழன் ஒரு மிராசுதாரர் வீட்டுப் பிள்ளை. விடுமுறையில் அவன் ஊருக்குப் போவேன். காலையில் இருவரும் வரப்பில் நடப்போம். அப்போது கேட்டதுதான் முதல் நடவுப் பாட்டு. பெண்கள் ஆண்டே என்று நீட்டி இழுத்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அன்றைக்கு மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை என்றால் நம்ப மாட்டீர்கள். நாட்டுப் பாட்டு என்றால் இதுதான், மற்றதெல்லாம் சினிமாக் கலப்படம் என்று அங்கேயே முடிவு கட்டிவிட்டேன்.

பிறகு வானொலியில் வேலை கிடைத்து, நாட்டுப் பாட்டு நிகழ்ச்சி என் பொறுப்பில் வந்தபோது அந்த முடிவை எல்லார் தலையிலும் ஏற்றினேன். வேளாங்கண்ணிப் பக்கத்திலிருந்து ஒரு மீனவர் குழு வலை இழுக்கும் பாட்டுப் பாட வந்தது. நடுவில் ஓரிடத்தில் சினிமா மெட்டு எட்டிப் பார்த்தது. இது எங்கிருந்து வந்தது என்று கேட்டேன்.

"நல்லா இருந்துச்சு, எடுத்துக்கிட்டோம்" என்றார் குழுவின் பெரியவர்.

நான் அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டேன். போகும்போது அவர் கோபிக்கவில்லை. "உங்களுக்கு என்ன புடிக்கும்னு சொல்லுங்க தம்பி, அடுத்த தடவ அத மட்டும் பாடுறோம்" என்றார். பணிவு என்று எடுத்துக்கொண்டேன்.

எங்கள் நிகழ்ச்சி இரவு பத்தரைக்கு. பாடுகிறவர்கள் படுத்துத் தூங்கிய பிறகு அவர்கள் பாட்டை ஒலிபரப்புவோம். கேட்கிறவர்கள் பேராசிரியர்கள், வக்கீல்கள், வங்கியில் வேலை பார்க்கிறவர்கள். மண்வாசனை என்று எழுதுவார்கள். எங்கள் கடிதக் கட்டில் அந்த வார்த்தை வராத வாரம் கிடையாது.

இதெல்லாம் இப்போது ஏன் ஞாபகம் வருகிறது என்றால், போன வாரம் தூக்கம் வராமல் ரேடியோவைத் திருப்பிக்கொண்டிருந்தேன். ஏதோ ஒரு பண்பலையில் இளவட்டங்கள் கிதாரும் பறையும் வைத்து நாட்டுப் பாட்டுப் பாடினார்கள். நன்றாகவே இருந்தது, பழைய நானாக இருந்தால் இரண்டாவது வரியிலேயே நிறுத்தியிருப்பேன். அதன் பிறகு தொகுப்பாளர் பெண், இப்போது அசலான குரல் ஒன்றைக் கேட்கலாம் என்றாள்.

வந்தது காத்தாயியின் குரல். நான் எடுத்த பதிவு.

"எவ்ளோ வலி பாருங்க அந்தக் குரல்ல" என்றாள் அந்தப் பெண். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அதில் வலி இல்லை அம்மா, வேறு ஒன்று இருந்தது, அதை நான் வெட்டிவிட்டேன் என்று அவளுக்கு யார் சொல்வது? அதனால் இந்த வாரம் இதை எழுதுகிறேன்.

ஸ்ரீ போய் திரு வந்தது

வயலுக்குத் திரும்புவதற்கு முன் ஒரு விஷயம். அப்போது கழக ஆட்சி வந்து இரண்டோ மூன்றோ வருஷம் ஆகியிருந்தது. எங்கே பார்த்தாலும் சொற்கள் மாறிக்கொண்டிருந்தன. ஸ்ரீ போய் திரு வந்தது. நமஸ்காரம் போய் வணக்கம். கல்யாணப் பத்திரிகை அழைப்பிதழ் ஆனது. அத்தாவின் கடையில் விலைச்சீட்டு எழுதுகிற கணக்குப்பிள்ளைகூட ரூபாய் என்பதை வெண்பொற்காசு என்று எழுதலாமா என்று கேட்டார். அத்தா அவரைப் பார்த்த பார்வையில் பேனாவை மூடிவிட்டார்.

வானொலியிலும் பேச்சாளர்கள் கொண்டுவரும் தாள்களில் அக்கிராசனரை அடித்துத் தலைவர் என்று மாற்றுவது என் வேலை. சிவப்பு மையில் மாற்றுவேன். சந்தோஷமாகவே மாற்றுவேன். பழையதுதான் அசல், அதை விடாதீர்கள் என்று ஒரு அதிகாரியிடமோ ஒரு தமிழாசிரியரிடமோ நான் வாதாடியதில்லை. ஊரே தனக்குப் பிடிக்காத சொல்லை மாற்றிக்கொண்டிருந்தபோது, சேற்றில் நின்ற ஒருத்தியிடம் மட்டும்தான் பழசைக் கேட்டேன். இது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை.

"பெட்டியில ஏறாதுல்ல?"

வயலில் இரண்டு பாட்டு அக்கா போட்டே எடுத்தோம். எடுத்து முடித்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது. அந்த யோசனையைப் பற்றி இன்றைக்கும் என்னால் நல்லவிதமாக ஒன்றும் சொல்ல முடியாது.

"காத்தாயி, வேல முடிஞ்சுது. பழைய பாட்டு எப்படி இருக்கும்னு எனக்குச் சும்மா ஒரு தரம் பாடிக் காட்டுங்களேன். நான் தெரிஞ்சுக்கத்தான்."

அவள் கட்டிலைப் பார்த்தாள். "பெட்டியில ஏறாதுல்ல சார்?"

"ஏறாது. நிறுத்தியாச்சு."

சேவியருக்குக் கண்ணைக் காட்டினேன். அவர் குடையைத் தாழ்த்திப் பெட்டியை மறைத்தார். உள்ளே சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. என்னை ஒரு பார்வை பார்த்தார். என்னைவிடப் பத்து வயது பெரியவர், ஆனால் உத்தியோகத்தில் எனக்குக் கீழே.

காத்தாயி மற்றப் பெண்களைப் பார்த்துச் சிரித்தாள். "வரப்புல மிராசுதாரு வீட்டு ஆளு வந்து நின்னா இப்படி இழுப்போம் சார். ஆளு அந்தண்ட போனதும் அக்காதான். அப்பலேர்ந்தே அப்படித்தான்" என்றாள். பிறகு ஒரு கையை இடுப்பில் வைத்து, கழுத்தைத் தொங்கப் போட்டு, இழவு வீட்டில் அழுகிறவள் போலக் குரலைக் குழைத்துக்கொண்டு எடுத்தாள்.

*நாத்துமுடி சுமந்த கையி நோவுதே ஆ...ண்டே*

வரிசை முழுக்க வெடித்துச் சிரித்தது. ஒரு பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். காத்தாயி விடாமல் எட்டு வரி பாடினாள். ஒவ்வொரு ஆண்டேக்கும் ஒரு சிரிப்பு. சேவியர்கூடக் குடைக்குப் பின்னால் சிரித்தார். சிரிக்காதவன் நான் ஒருத்தன்தான். தோழனின் வரப்பில் நான் கேட்டது அச்சு அசலாக இதுதான். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

நிலையத்துக்கு வந்து ஒலிநாடாவைப் போட்டுக் கேட்டோம்.

"சார், இந்தம்மா நக்கல் பண்ணுது" என்றார் சேவியர்.

"அதெல்லாம் உங்களுக்குப் புரியாது. முன்னாடி பேசுறதையும் நடுவுல வர்ற சிரிப்பையும் எடுத்துடுங்க."

பிளேடால் நாடாவை வெட்டி, சிரிப்பு இருந்த துண்டுகளை எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒட்டினார். ஒட்டியது தெரியாமல் ஒட்டுவதில் அவருக்கு நிகர் கிடையாது. துண்டுகள் தரையில் சுருண்டு கிடந்தன. சாயங்காலம் கூட்டுகிற அம்மாள் வாரிக்கொண்டு போனார். சிரிப்பை எடுத்ததும் பாட்டு ஒரே சோகமாகிவிட்டது.

அடுத்த வாரம் ஒலிபரப்பினோம். கேட்டவர்கள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். உள்ளத்தை உருக்கிய குரல் என்று ஏழெட்டுக் கடிதங்கள் வந்தன. நிலைய அதிகாரி என்னைக் கூப்பிட்டுக் கைகொடுத்தார். நான் அந்த நாடாப் பெட்டியின் மேல் 'பாதுகாக்க' என்று எழுதினேன். அக்கா என்று பாடிய நாடாவை அழித்து அதில் யூரியா இடும் முறை பற்றி ஒரு பேச்சைப் பதிவு செய்தார்கள். நாடாத் தட்டுப்பாடு, அப்படித்தான் நடக்கும்.

சிரிப்பைக் கேட்டு வந்தவள்

பத்துப் பதினைந்து நாள் கழித்து வாசலில் யாரோ ரேடியோ சார் என்று கேட்டுக்கொண்டு நிற்பதாகக் காவலாளி வந்து சொன்னார். காத்தாயி நின்றாள். வெளுத்த புடவை, தலையில் எண்ணெய். இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். வேப்பமரத்தடி பெஞ்சில் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"பெட்டியில ஏறாதுன்னீங்களே சார்."

நான் ஏதோ வழிந்தேன். நல்ல பாட்டு, எல்லாரும் பாராட்டினார்கள் என்று சொன்னேன். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நடந்ததைச் சொன்னாள்.

பாட்டு ஒலிபரப்பான ராத்திரி அவர்கள் ஊருக்கு வாய்க்காலில் முறைத் தண்ணீர். வாய்க்கால் மடையில் காத்துக்கொண்டிருந்த ஆண்கள் தூக்கம் வராமலிருக்க டிரான்சிஸ்டர் வைத்திருக்கிறார்கள். அதில் காத்தாயி ஆண்டே என்று உருகியிருக்கிறாள். விடிவதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. காலையில் மிராசுதாரரின் காரியஸ்தர் வரப்பில் நின்று, "என்ன காத்தாயி, பழைய நெனப்பு வந்துடுச்சா?" என்று எல்லார் எதிரிலும் கேட்டிருக்கிறார்.

அன்று சாயங்காலமே சங்கத்தில் விசாரணை. செயலாளர் காளியப்பன் கேட்க, கூட நட்ட பெண்கள் அத்தனை பேரும், அவள் கேலிதான் செய்தாள், நாங்கள் சிரித்தோம் என்று சொல்லியிருக்கிறார்கள். சிரிப்பு ரேடியோவில் இல்லையே என்று ஆண்கள் கேட்டிருக்கிறார்கள். கூட்டுக்காரியைக் காப்பாற்றப் பேசுகிறார்கள் என்று அந்தப் பெண்களுக்கும் திட்டு விழுந்திருக்கிறது. பன்னிரண்டு பேர் வாயால் சொன்னதைவிட ஒரு டிரான்சிஸ்டர் சொன்னது பெரிதாகிவிட்டது.

"என்னக் கடசி ஆளா விட்டுட்டாங்க சார். நான் எடுத்தா யாரும் வாங்கறதில்ல. வாங்குனா அவங்களையும் கேப்பாங்கன்னு பயப்படுதுங்க" என்றாள். அழவில்லை. "அந்தச் சிரிப்ப மறுபடி சேத்து ஒரு தரம் போட்டுடுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

"அது இல்லம்மா."

"எங்க சார் வெச்சீங்க?"

"குப்பையில போயிடுச்சு."

எனக்கு வெட்கமாக இருந்தது. உள்ளே ஓடி அதிகாரியிடம் சொன்னேன். அது கேலியாகப் பாடியது என்று ஒரு விளக்கம் படித்துவிடலாமா என்று கேட்டேன். "அந்த ஊர்ல ஏற்கெனவே நிலத் தகராறு, போலீஸ் நிக்குது. நாம வேற போய் ஏன் கிளறணும்? போன பாட்டு போனதுதான்" என்றார். நான் வாதாடவில்லை.

திரும்பி வந்து காத்தாயியிடம் சொன்னேன்.

"அப்ப நீங்க வந்து எங்க ஆளுங்ககிட்ட சொல்லுங்க. உங்க வாயால."

"வர்றேன்."

"எப்ப?"

"தாளடி நடவுக்கு வர்றேன்" என்றேன். குறுவை அறுத்த பிறகு வருகிற அந்த நடவுக்கு மூன்று மாதம் இருந்தது. அதற்குள் மறந்துவிடுவாள் என்று நினைத்துத்தான் சொன்னேன். இப்போது பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த நாடாவை நான் அன்றைக்கே அழித்திருக்கலாம். பெட்டியின் மேல் இருந்த 'பாதுகாக்க' என்பதை அடித்தால் போதும், மறுநாள் அதில் ஒரு யூரியாப் பேச்சு ஏறியிருக்கும். அடிக்கவில்லை. எனக்கு அந்தப் பாட்டு பிடித்திருந்தது. போன வாரம் கேட்டபோதும் பிடித்தது.

நாற்று முடி

ஐப்பசி வந்தது. தாளடி நடவு தொடங்கியும் நான் கிளம்பவில்லை. சேவியர்தான் ஒரு நாள் தேநீர் குடிக்கும்போது, "நீங்க போகலேன்னா நான் போய்ச் சொல்லிடுவேன் சார்" என்றார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை. மறுநாள் விடுப்புப் போட்டுவிட்டுப் போனேன்.

தூறல். ஊர் எல்லையில் புளியமரத்தடியில் போலீஸ் வேன் நின்றது. வயலில் நடவு நடந்துகொண்டிருந்தது. பக்கத்து நாற்றங்காலில் ஆண்கள் நாற்றுப் பறித்துச் சின்னக் கட்டுகளாக முடி கட்டிக்கொண்டிருந்தார்கள். பாட்டை யாரோ ஒரு சின்னப் பெண் எடுத்துக்கொண்டிருந்தாள். கீச்சுக் குரல். வாங்குகிறவர்களிடமும் சுரத்தில்லை. காத்தாயி வரிசையில் கடைசியாகக் குனிந்திருந்தாள்.

காளியப்பன் யார் என்று கேட்டு, அவர் முன்னால் போய் நின்றேன். பெண்களுக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன்.

"பெட்டி ஓடலைன்னு நான் பொய் சொல்லித்தான் பாட வெச்சேன். அவங்க கேலியாத்தான் பாடினாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. அந்தச் சிரிப்ப நான் வெட்டிட்டேன்."

காளியப்பன் நாற்றைக் கட்டுவதை நிறுத்தவில்லை. "நீங்க வந்து சொன்னது சரிங்க. ஆனா நீங்க இப்ப சொல்றீங்க. அன்னிக்கு ரேடியோ வேற மாதிரி சொல்லுச்சு. நாங்க எத எடுத்துக்கறது?" என்றார். கோபமே இல்லாமல் கேட்டார். வந்த கடமை முடிந்தது என்று மனதைத் தேற்றிக்கொண்டு வரப்பில் திரும்பினேன்.

காத்தாயி கரையேறி வந்தாள். கையில் இருந்த நாற்று முடியை என் காலடியில் வைத்தாள்.

அது அந்தப் பக்கத்து வழக்கம். நடவு வயலுக்கு வெளியாள் யாராவது வந்தால், வழியில் ஒரு நாற்று முடியை வைத்து மறிப்பார்கள். ஏதாவது கொடுத்தால்தான் அதைத் தாண்டலாம். நான் சட்டைப் பையில் கைவிட்டேன்.

"காசு வேணாம் சார்" என்றாள். "என்னைப் பாத்து அந்தச் சொல்ல ஒரு தரம் சொல்லிட்டுப் போங்க."

முதலில் எனக்குப் புரியவில்லை. புரிந்ததும் காதெல்லாம் சூடாகிவிட்டது. இவளைப் பார்த்து நானா என்று தோன்றியது. தோன்றியதைத் தோன்றியது என்றுதான் எழுத வேண்டும். குறுவையின்போது இதே வரப்பில் நின்று அந்தச் சொல்லை எத்தனை தடவை சொல்லியிருப்பேன், இப்படிப் பாடு, அப்படி இழு என்று. இப்போது அதே சொல் எனக்கு வாயில் வரவில்லை. நாற்றங்காலில் கைகள் நின்றுவிட்டன. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஆண்டே" என்றேன்.

"கேக்கல சார்."

மூச்சை இழுத்துக்கொண்டு உரக்கச் சொன்னேன். நான் நினைக்காமலே அது நீண்டு, குழைந்து, அழுகிற மாதிரி வந்துவிட்டது. அன்றைக்கு அவள் பாடிக் காட்டியது போலவே வந்தது.

கீச்சுக் குரல் பெண்தான் முதலில் சிரித்தாள். பிறகு வரிசை முழுக்கச் சிரித்தது. நாற்றங்காலில் ஆண்கள் சிரித்தார்கள். காளியப்பன் அடக்கப் பார்த்தார், முடியவில்லை. கையில் இருந்த நாற்று நழுவித் தண்ணீரில் விழுந்தது. நானும் சிரித்திருக்க வேண்டும், வரவில்லை.

காத்தாயி சிரிக்கவில்லை. காளியப்பனைத் திரும்பிப் பார்த்தாள்.

"கேட்டுக்கிட்டீங்களா? அன்னிக்கு நாங்க சிரிச்சது இதுதான்."

காளியப்பன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். குனிந்து நாற்றை எடுத்துக் கட்டி முடித்தார். அந்த முடியை வயலில் வீசினார். அது வரிசையின் முதல் இடத்தில் போய் விழுந்தது.

"அங்க போய் நில்லு" என்றார்.

காத்தாயி என் காலடியில் இருந்ததை எடுத்துக்கொண்டாள். கீச்சுக் குரல் பெண் விலகி இடம் விட்டாள். காத்தாயி குனிந்து ஒரு பிடி நாற்றைப் பிரித்துச் சேற்றில் ஊன்றினாள். பாட்டை எடுத்தாள். அத்தனை பேரும் வாங்கினார்கள்.